ஊர் தேடி வரும் மருத்துவம்



மருத்துவமனைக்கு யார் போகிறார்கள் என்று உங்களைக் கேட்டால், "நோயாளிகள்" என்று உடனே விடை சொல்வீர்கள். சரியான விடைதான், ஆயினும் முழு விடை அன்று. நோயாளி தானாகப் போவதில்லை. வலி அவனை இழுத்துக்கொண்டு போகிறது. பல் வலித்தால் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடுகிறோம். வயிறு பிசைந்தால் வண்டி கட்டுகிறோம். வலி என்பது உடம்பு நமக்கு அனுப்பும் தூதன். தூதன் வந்து கதவைத் தட்டினால்தான் நாம் எழுந்திருக்கிறோம்.

ஆனால் தூதனை முன்னே அனுப்பாமல் ஓசையின்றி உள்ளே புகுந்துவிடும் நோய்கள் பல உண்டு. இரத்தக் கொதிப்பு பல ஆண்டுகள் ஒருவருடைய உடம்பில் குடியிருக்கும். அவரோ வயலில் உழுதுகொண்டும் கடையில் வியாபாரம் செய்துகொண்டும் சுகமாகவே இருப்பார். ஒருநாள் திடீரென்று கையும் காலும் விழுந்துவிடும்போதுதான் செய்தி தெரியும். நீரிழிவும் அத்தகையதே. தொழுநோயோ இன்னும் வஞ்சகமானது. அதன் முதல் அறிகுறியாகிய தேமல் வலிப்பதில்லை. அந்த இடத்தில் உணர்ச்சியே மரத்துப் போகிறது. வலி என்னும் தூதனையே அது கொன்றுவிடுகிறது எனலாம். பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய், தான் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சோதனையில் அகப்படக்கூடியது. ஆனால் நலமாக இருக்கும் ஒரு தாய், வேலையை விட்டுவிட்டு ஏன் சோதனைக்குப் போகப் போகிறாள்?

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. நோயைத் தீர்க்கும் மருத்துவம் ஓரிடத்தில் அமர்ந்திருந்தாலும் மக்கள் அதனைத் தேடி வருவார்கள். நோயைத் தடுக்கும் மருத்துவம் அவ்வாறு அமர்ந்திருக்க முடியாது. அது தானே எழுந்து, மக்கள் இருக்கும் இடத்துக்கு நடந்து போக வேண்டும். இன்றைய என் பேச்சு அவ்வாறு நடந்து போன மருத்துவத்தைப் பற்றியது.

தடுத்தலே சிறந்தது என்பது நமக்குப் புதிய பாடம் அன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். நோயின் காரணத்தைக் கூறும் முதற் குறளை அடுத்து வரும் ஆறு குறள்களிலும் வள்ளுவர் பேசுவது உணவின் அளவைப் பற்றியே. மருத்துவன் எப்படி நோயை ஆராய வேண்டும் என்பதும், சிகிச்சையின் உறுப்புகள் எவை என்பதும் இறுதி மூன்று குறள்களில்தான் வருகின்றன. பத்தில் ஆறு பங்கை வராமல் காப்பதற்கே ஒதுக்கிய ஆசிரியரின் மனத்தை நாம் கவனிக்க வேண்டும்.

அவ்வாறாயின், காப்பதற்கு வேண்டிய வசதிகள் மருத்துவமனையிலேயே இருக்க, மக்கள் அங்கே போய்ப் பெற்றுக்கொள்ளலாகாதா என்று கேட்கலாம். பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்கு இக்கேள்வி எழுவது இயல்பு. மலையடிவாரத்தில் வாழும் ஒரு கூலித் தொழிலாளியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பேருந்து நிற்கும் சாலைக்கு நடந்து வர வேண்டும். பேருந்துக் கட்டணம் போகவும் வரவும் கொடுக்க வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். மருந்து இலவசந்தான், ஆனால் அதைப் பெறும் நாள் இலவசம் அன்று. நோயினால் துடிக்கும் குழந்தைக்காக அந்தத் தாய் இத்தனையும் செய்வாள். நலமாகச் சிரித்து விளையாடும் குழந்தைக்கு ஊசி போடுவதற்காக ஒரு நாள் கூலியை இழப்பாளா? இழக்காவிட்டால் அவளை அறியாதவள் என்று சொல்வது முறையன்று. அவளுடைய ஏழ்மை போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கை மாற்றும் வழி, தூரத்தைக் குறைப்பதே.

தடுப்பு மருத்துவம் நம் நாட்டில் கால்நடையாகத்தான் தொடங்கிற்று. 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு இந்தியாவில் முதன்முதலாக அம்மைப்பால் வைத்தார்கள். குளிர்ப்பெட்டி இல்லாத அக்காலத்தில், ஒரு குழந்தையின் கையிலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்கு மாற்றி மாற்றியே அந்த மருந்தை உயிரோடு வைத்திருந்தார்கள். மருந்தைச் சுமந்த வண்டியே மனிதக் கைதான்! பின்னர் அம்மை குத்துபவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். என் தலைமுறையினர் பலருடைய மேற்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

எனினும், நூற்றெழுபது ஆண்டுகள் குத்தியும் பெரியம்மை ஒழியவில்லை. 1973ஆம் ஆண்டில் முறையை மாற்றினார்கள். மக்கள் வந்து சொல்லட்டும் என்று காத்திராமல், அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையில் ஏந்தி, ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, "இத்தகைய நோய் இங்கே எவருக்கேனும் உண்டா?" என்று கேட்டார்கள். கண்ட இடத்தில் நோயாளியைத் தனியே வைத்துச் சுற்றியிருந்தோர் அனைவருக்கும் அம்மை குத்தினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1975இல், நம் நாட்டின் கடைசிப் பெரியம்மை நோயாளி குணமடைந்தார். 1980இல் உலகமே பெரியம்மையினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அம்மைப்பால் பழையதே. தேடிச் சென்ற முறைதான் புதியது.

நம் தமிழ்நாட்டிலும் இவ்வரலாறு உண்டு. 1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவமனை வளர்ந்த பின்னும் அதற்குள்ளேயே அடைபட்டு இருக்கவில்லை. வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் வண்டியில் புறப்பட்டு, வழியில் மரத்தடிகளில் நின்று, காத்திருந்த மக்களைப் பார்த்தார். கண்ணோயும் புண்ணும் தொழுநோயும் அந்தச் சாலையோரத்திலேயே கவனிக்கப்பட்டன. அவருடைய மாணவியர் சாலையோரத்தில் கற்ற பாடம், புத்தகத்தில் இல்லாத பாடம்: நோயாளி எந்த வீட்டிலிருந்து வருகிறான், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறான் என்பதைக் கண்ணால் கண்டறியும் பாடம்.

காசநோயைப் பற்றிய ஆராய்ச்சியில் சென்னைக்கு உலக வரலாற்றிலேயே ஓர் இடம் உண்டு. ஒரு காலத்தில் காசநோயாளியை மலைக்காற்று வீசும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று நம்பினார்கள். கோடிக்கணக்கான ஏழைகள் வாழும் நாட்டில் அத்தனை பேருக்குப் படுக்கை ஏது? 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஏறத்தாழ இருநூறு நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடிசைகளில் இருந்தார்கள். அவர்களுடைய உணவும் எளியது. அவ்வாறிருந்தும், ஒழுங்காக மருந்து உண்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமடைந்தார்கள். வீட்டில் உடனிருந்தோருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. மருத்துவம் வீட்டுக்கு வரலாம், வந்தால் தரம் குறையாது என்பதை அறிவியல் முறையில் நாட்டிய ஊர் நம் சென்னை.

இங்கே மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி 1948இல் மதனப்பள்ளியில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. கிண்டியிலேயே அம்மருந்தைத் தயாரித்தார்கள். குழுக்கள் ஜீப் வண்டிகளில் ஊர் ஊராகச் சென்றன. 1955இல் மூதறிஞர் இராஜாஜி, பெருந்திரளான குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போடுவதை எதிர்த்து ஒரு சிறு நூலே வெளியிட்டார். அவருடைய ஐயங்கள் எல்லாவற்றையும் அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமையை அறிவியல் மறுப்பதும் இல்லை. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பெரிய சோதனை ஒன்று தொடங்கிற்று. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் கிராமங்களுக்குக் குழுக்கள் எக்ஸ்ரே கருவிகளோடு சென்றன. பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்ததில், வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசத்தை இந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்று தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைகளையே அது தடுக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதனைப் போடுகிறார்கள். மாணவர்களே, இதில் இரு பாடங்கள் உண்டு. ஊருக்குக் கொண்டு செல்லும் மருந்து பயன் தருகிறதா என்று இடைவிடாமல் சோதிக்க வேண்டும் என்பது ஒன்று. ஊர் மக்கள் கேட்கும் கேள்விக்கு வண்டியில் வருபவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பது மற்றொன்று.

இனி, சாலையே போட முடியாத ஓரிடத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அஸ்ஸாம் மாநிலத்தில் பிரம்மபுத்திரா நதி பாய்கிறது. மழைக்காலத்தில் அது கடல்போல் விரியும். நதி கொண்டுவந்து கொட்டும் மணலால் நடுவே தீவுகள் உண்டாகின்றன. அவற்றைச் சபோரி என்றும் சர் என்றும் அங்கே அழைக்கிறார்கள். அத்தகைய நிலங்களில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். நதி ஓராண்டு தந்த நிலத்தை மறு ஆண்டே விழுங்கிவிடுவதும் உண்டு. தீவே நிலையாக இல்லாதபோது, அங்கே கட்டும் மருத்துவமனை எப்படி நிலைக்கும்? சுவரை எழுப்பினால் சுவர் ஆற்றோடு போகும். முன்னாளில் அங்கே பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைப் படகில் ஏற்றி, மணிக்கணக்கில் துடுப்புப் போட்டுக் கரை சேர்க்க வேண்டியிருந்தது. கரை சேருமுன் உயிர் போனவர்களும் உண்டு.

நதி நிலத்தைத்தான் கரைக்கும். படகைத் தாங்கும் அல்லவா? அந்த எளிய சிந்தனையே ஒரு பெரிய தொண்டாக மலர்ந்தது. பத்திரிகையாளர் சஞ்சய் ஹசாரிகா அவர்கள் தோற்றுவித்த வடகிழக்கு ஆய்வு நிலையம் ஒன்று, 2005ஆம் ஆண்டில் திப்ருகர் பகுதியில் ஒரு மருத்துவப் படகை மிதக்கவிட்டது. அதன் பெயர் 'அகா'. வடமொழியில் 'ஆசா' என்று வழங்கும் சொல்லை அஸ்ஸாமியர் அவ்வாறு ஒலிக்கிறார்கள்; நம்பிக்கை என்பது பொருள். பின்னர் அரசின் தேசிய ஊரக சுகாதார இயக்கமும் கைகொடுக்கவே, படகுகள் பல மாவட்டங்களுக்குப் பெருகின.

அந்தப் படகில் மருத்துவர்கள், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகத் தொழிலாளர், சமையற்காரர், படகோட்டிகள் யாவரும் நாட்கணக்கில் ஒன்றாகவே தங்கிப் பயணம் செய்கிறார்கள். தீவை அடைந்ததும் மணல் திட்டிலோ பள்ளிக்கூடத்திலோ முகாம் கூடுகிறது. கருவுற்ற தாயின் எடையையும் இரத்தத்தையும் சோதிக்கிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். மலேரியாவுக்கு இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அடுத்த முறை என்று வருவோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவர்களுள் படகோட்டியின் அறிவும் மருத்துவரின் அறிவுக்குக் குறைந்தது அன்று. சென்ற மாதம் ஆழமாயிருந்த வழி இந்த மாதம் மணல் மேடாகியிருக்கும். அதனை நீரின் நிறத்தைக் கொண்டே அவர் அறிகிறார். அவர் வழி தவறினால் மருந்து வழி தவறும்.

படகானாலும் வண்டியானாலும் அதிலே போகும் ஒரு சிறு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடுப்பூசி மருந்துகளுள் பெரும்பாலானவற்றை 2 பாகை முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரிலேயே காக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் சில மருந்துகள் வீரியம் இழக்கும். உறைந்துபோனால் வேறு சில கெட்டுவிடும். கெட்ட மருந்தும் பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருப்பதுதான் ஆபத்து. ஆகையால், மருந்து செய்யும் ஆலையிலிருந்து கடைசிக் குழந்தையின் கைவரை குளிர் என்னும் சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். பனிக்கட்டிப் பொதிகள் அடுக்கிய அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரப்பில் நடந்து செல்லும் கிராம சுகாதாரச் செவிலியே அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி. 2011 ஜனவரிக்குப் பின் இயற்கையாகப் பரவிய இளம்பிள்ளை வாதம் இந்தியாவில் ஒரு குழந்தையையும் முடமாக்கவில்லை. 2014இல் அதற்கான சான்றிதழும் கிடைத்தது. இந்தப் பெருமையில் பெரும் பங்கு அந்தத் தோளுக்கு உரியது.

நம் மாநிலம் இத்துறையில் பின்தங்கியது அன்று. பொதுச் சுகாதாரத்துக்கென்று இந்தியாவில் முதன்முதலாகத் தனிச் சட்டம் இயற்றியது 1939இல் சென்னை மாகாணமே. 1999இல் 'வருமுன் காப்போம்' என்ற பெயரிலேயே ஊர்தோறும் முகாம்கள் தொடங்கப்பட்டன. 2021இல் அம்முயற்சி புதுப்பிக்கப்பட்டது. அதே 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கிற்று. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்து, தேவைப்படுவோருக்கு மாத்திரைகளை வாசலிலேயே கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்போருக்கு உடற்பயிற்சி மருத்துவமும் வலி தணிக்கும் பணிவிடையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. தூதன் வாராத நோய்களுக்கு, நாமே தூதரை அனுப்பும் ஏற்பாடு இது.

ஆயினும், வண்டி வந்துவிட்டதாலேயே நலம் வந்துவிடாது. நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு மானாவாரிக் கிராமத்தில் கண்டதைச் சொல்கிறேன். மருத்துவ வண்டி காலை பத்து மணிக்குப் பள்ளி வாசலில் வந்து நின்றது. அப்போது நிலக்கடலை பறிக்கும் காலம். ஊரில் கிழவர்களையும் குழந்தைகளையும் தவிர யாரும் இல்லை. மருத்துவர் நண்பகல்வரை காத்திருந்து, "இவ்வூர் மக்களுக்கு அக்கறை இல்லை" என்று வருந்தினார். வண்டியின் ஓட்டுநர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். "அக்கறை காட்டில் இருக்கிறது ஐயா, மாலையில் வீட்டுக்கு வரும்" என்றார். அடுத்த மாதம் வண்டி மாலை ஐந்து மணிக்கு வந்தது. கடலைச் செடியின் மண் கையில் ஒட்டியிருக்க, பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். இருட்டிய பிறகும், பள்ளியின் விளக்கொளியில் சோதனை நடந்தது. அன்று இரத்தக் கொதிப்பு இருப்பதாகத் தெரிந்த ஐந்தாறு பேரில் ஒருவருக்கேனும் அதற்கு முன் தலைவலிகூட வந்ததில்லை.

ஆகவே, ஊர் தேடிவரும் மருத்துவம் பயன் தருவதற்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும் என்பேன். முதலாவது, நாள் தவறாமை. இரண்டாம் செவ்வாய் என்று சொன்னால், மழை பெய்தாலும் இரண்டாம் செவ்வாயே வர வேண்டும். இரத்தக் கொதிப்பு மாத்திரை நாள்தோறும் உண்ண வேண்டியது. வண்டி ஒரு மாதம் வாராவிட்டால் மாத்திரை நின்றுபோகும், ஆபத்து திரும்பிவிடும். ஒருமுறை வந்து, படம் எடுத்துக்கொண்டு, மறுமுறை வாராத வண்டி, வாராமலே இருந்த வண்டியைவிடத் தீமை செய்கிறது. அது மக்களின் நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இரண்டாவது, பதிவேடு. யாருக்கு என்ன கண்டோம், யார் இம்முறை வரவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டும். வராதவரைத் தேடுவதே இந்த மருத்துவத்தின் உயிர். மூன்றாவது, நிலையான மருத்துவமனையோடு தொடர்பு. வண்டியில் சந்தேகம் எழலாம். அதை உறுதி செய்யவும் தீர்க்கவும் ஆரம்ப சுகாதார நிலையமும் அதற்கு மேற்பட்ட மருத்துவமனையும் வேண்டும். 1946இல் போர் குழுவினர் நாடெங்கும் சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். வண்டி அந்த நிலையத்தின் நீண்ட கையாக இருக்க வேண்டுமே தவிர, நிலையத்தைக் கட்டாமல் இருப்பதற்குச் சாக்காக இருத்தல் ஆகாது. நோயைக் கண்டு சொல்லிவிட்டு வழிகாட்டாமல் போவது கொடுமை.

மாணவச் செல்வங்களே! "இதில் எங்களுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு வேலை நிறைய உண்டு. உங்கள் வீட்டுக் கைக்குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்று எடுத்துப் படியுங்கள். விட்டுப்போன ஊசி எது என்று தாய்க்குச் சொல்லுங்கள். எழுத்தறியாத பாட்டிக்கு, எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை இரவில் என்று படித்துக் காட்டுங்கள். மருத்துவ வண்டி வரும் நாளைத் தெருவில் நான்கு வீடுகளுக்குச் சொல்லுங்கள். ஊசியைப் பற்றி யாரேனும் வதந்தி பேசினால், அவரை இகழாமல், அவருடைய அச்சம் என்ன என்று கேட்டு, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைச் செவிலியிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் பொறியாளராகவும் அதிகாரியாகவும் ஆவீர்கள். அப்போது உங்கள் மேசைக்கு முன் வந்து நிற்பவரை மட்டும் எண்ணாதீர்கள். வர இயலாமல் போனவர் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, நல்ல ஆசிரியர் வந்தவர்களைப் பார்த்து மகிழ்வதோடு நிற்பதில்லை. வராத பிள்ளையின் பெயரை இருமுறை அழைக்கிறார். பிறகு அவன் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார். நாட்டின் நலத்தைக் காக்கும் வழியும் அதுவே.